காத்ர் பிராவுக்கு ஒரு பழைய ஈயப்படை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு சிறிய சங்கம். வாரம் ஒரு மாலை கூடி, பழைய போர்களைச் சின்ன உலோகச் சிப்பாய்களைக் கொண்டு மேசையில் ஆடிப் பார்ப்பவர்கள். நானும் அதில் ஓர் உறுப்பினன். விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: சதுரங்கம் போல இரண்டு தரப்பு உண்டு, கட்டங்கள் கிடையாது. நகரும் தூரத்தை அளவுநாடாவால் அளப்போம். சுடுவதும் மோதுவதும் பகடையில் தீரும். எங்கள் மேசையில் ஒரு சிப்பாய் நிஜத்தில் இருபது பேருக்குச் சமம். நெப்போலியன் 1808-இல் வகுத்த காலாட்படை பட்டாலியனில் ஆறு கம்பெனிகள், கம்பெனிக்கு 140 பேர், ஆக 840. அது காகிதக் கணக்கு. களத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எப்போதும் அதைவிடக் குறைவுதான். அதனால் கம்பெனிக்கு ஆறு வீதம் 36 சிப்பாய்களோடு ஒரு பட்டாலியனை முடித்துக்கொள்வது வழக்கம்.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 1970-களில் ஹின்ச்லிஃப், மினிஃபிக்ஸ் போன்றவர்கள் 25 மி.மீ. அளவில் வார்த்த உருவங்களை வாங்கி, தானே வண்ணம் தீட்டி, ஓர் ஓக் மர அலமாரியின் இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார். அவருடைய மகள் அந்த அலமாரியை அப்படியே எங்களிடம் கொடுத்தார். கேட்டது இரண்டே விஷயம்: உதிரி உதிரியாக விற்றுவிடக் கூடாது, அப்பா தீட்டிய வண்ணத்தின் மேல் அவசியமில்லாமல் வேறு வண்ணம் பூசக் கூடாது.

அந்த நேரத்தில் நாங்கள் ஜூன் மாதத்தில் காத்ர் பிரா போரை ஆடத் திட்டமிட்டிருந்தோம். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் ஒரு நாற்சந்திக்காக நெப்போலியனின் மார்ஷல் நேயும் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும் மோதிய போர் அது. பிரிட்டிஷ் பக்கத்தில் ஹால்கெட் தலைமையிலான பிரிகேடை (பல ரெஜிமென்ட்டுகளின் படைகள் சேர்ந்த பிரிவு) முழுமையாக அமைப்பது என்று முடிவாகியிருந்தது. அதில் 30, 33, 69, 73 என்ற எண்களைக் கொண்ட நான்கு ரெஜிமென்ட்டுகள்.

இதில் 69 நமக்கு அந்நியமில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது உள்ளே இருந்த வெள்ளைக்காரப் படை, இதே 69-இன் நான்கு கம்பெனிகள்தான். காத்ர் பிராவில் நின்றது அதன் இரண்டாவது பட்டாலியன். வேலூரில் எரிந்த கோபத்துக்கு உடனடிக் காரணம் உடுப்பு விதி: தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற ஆணைகள். இராணுவத் தொப்பி எப்படி இருந்தது என்று இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது வேலூரைத்தான்.

இழுப்பறைகளைத் திறந்தபோது கண்டவை

முதலில் கண்ணில் பட்டது வெள்ளைப் பொடி. கீழ் இழுப்பறைகளில் இருந்த குதிரைகளின் கால்களிலும் சிப்பாய்களின் பாதங்களிலும் மாவு தூவியது போலப் படிந்திருந்தது. ஒரு குதிரையைத் தூக்கியதும் முன்கால் கையோடு வந்தது. ஈயம் கலந்த பழைய வார்ப்புகளுக்கு ஓக் மரம் ஆகாது. அந்த மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரப்பதமும் மூடிய இழுப்பறையும் சேர்ந்தால் அது ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். அந்தப் பொடி நஞ்சு. ஊதிவிடுவது, காய்ந்த பிரஷால் தட்டிவிடுவது இரண்டுமே கூடாது.

அடுத்தது, ஆண்டுகளின் கலவை. பெரியவர் ஒரு போருக்காகச் சேர்த்தவர் இல்லை. பிடித்ததை எல்லாம் வாங்கியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களில் ஒரு பகுதி நீண்ட வால் கோட்டு, உயர்ந்த இறகு, கிரெனேடியர்கள் என்ற தேர்ந்தெடுத்த வீரர்களுக்குக் கரடித்தோல் தொப்பி. இது 1812-க்கு முந்தைய தோற்றம். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த, மேஜர் பார்தன் தொகுத்த உடுப்பு விதிகள் கோட்டின் வாலைக் குட்டையாக்கி, மார்பு மடிப்பை இடுப்பு வரை மூடி, கிரெனேடியருக்கும் சிவப்புப் பட்டை போட்ட ஷாகோ என்ற உயரமான தொப்பியைக் கொடுத்தன. படைகளை அது எட்டியது 1813 வாக்கில்தான். 1815-க்கு வேண்டியது இந்தப் பிந்தைய உருவம். அப்படிப்பட்டவை தொகுப்பில் மிகக் குறைவு.

பிரிட்டிஷாரிடமும் இதே கதை. 1812-இல் முன்பக்கம் உயர்ந்த புதிய ஷாகோ வந்தது, பெல்ஜிக் என்பார்கள். பெரியவரின் பிரிட்டிஷ் காலாட்படை முழுக்க அதற்கு முந்தைய, நேரான குழாய் போன்ற ஷாகோவில் இருந்தது.

மூன்றாவதாக ஒரு புதிர். ஒரு பட்டாலியன் முழுக்க வெள்ளைக் கோட்டு. கூடவே இருந்த இளைய உறுப்பினர் இவர்களை ஆஸ்திரியர்கள் என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். ஆஸ்திரியக் காலாட்படை வெள்ளை என்பது சரிதான். ஆனால் கோட்டை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஆஸ்திரியக் கோட்டின் முன்புறம் ஒற்றை வரிசைப் பொத்தானோடு வெறுமையாக இருக்கும். இவற்றில் இரண்டு பக்கமும் வண்ண மார்பு மடிப்பு இருந்தது, பிரெஞ்சு வெட்டு. 1806-இல் நெப்போலியன் சில ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளைக் கோட்டு தர ஆணையிட்டார். பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் அவுரி நீலம் வந்து சேரவில்லை, நீலத் துணிக்குத் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டே அந்த ஆணை கைவிடப்பட்டது. பெரியவர் தெரிந்தேதான் அந்தக் குறுகிய காலத்தை எடுத்துத் தீட்டியிருக்கிறார். அவரைப் பற்றி எங்கள் மதிப்பு அன்று இன்னும் ஒரு படி ஏறியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அரிப்பு காத்திருக்காது என்பதால் அதை முதலில் கவனித்தோம். அலமாரி வெளியேறியது, மகள் அதைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டார். சிப்பாய்கள் பழைய இரும்புக் கோப்பு அலமாரிக்கு மாறினார்கள், ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் பைகளோடு. பொடி பிடித்தவற்றைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, நல்லவற்றிலிருந்து பிரித்து வைத்தோம். உலோகம் உள்ளேயே நொறுங்கிப்போனவற்றை விட்டுவிட வேண்டியதாயிற்று. வீட்டில் சிறு குழந்தை இருந்த உறுப்பினருக்கு இந்த வேலையில் பங்கு தரவில்லை.

அடுத்து, போரின் தேதி. இந்த முழு முயற்சியில் மிக முக்கியமான முடிவு என்று நான் கருதுவது இதைத்தான். "நெப்போலியப் படை சேர்க்கிறேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் கையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் தொப்பி, கோட்டு, கொடி, கம்பெனிக் கணக்கு எல்லாமே ஒரு தடவையாவது மாறியிருக்கின்றன. ஒரு சிப்பாய் சரியா தவறா என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சிப்பாயிடம் இல்லை, எந்த நாளில் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. 1809-இல் வாக்ராம் போரில் கச்சிதமாக இருப்பவன் 1815-இல் தவறு. எனவே 1815 ஜூன் 16 என்று சுவரில் எழுதி ஒட்டினோம். பெரியவரின் தொகுப்பை "சரி, தவறு" என்று பிரிக்காமல், "இந்த நாளுக்கு ஆகும், வேறு நாளுக்கு ஆகும்" என்று பிரித்தோம். நீண்ட வால் பிரெஞ்சுக்காரர்கள் 1809-க்கு. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் 1807-க்கு, ஃப்ரீட்லாண்டு போருக்கு. ஒருவர் மீதும் புது வண்ணம் ஏறவில்லை. மகள் கேட்டதும் இதுதானே.

இப்படிப் பிரித்ததில் ஒரு நல்லது நடந்தது. குழாய் ஷாகோ போட்ட பிரிட்டிஷாரை ஸ்பானியப் போருக்கு என்று ஒதுக்கவிருந்தோம். அப்போது படைவரிசையைப் படித்துக்கொண்டிருந்த இன்னோர் உறுப்பினர் 28-ஆம் ரெஜிமென்ட்டைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் 1815-இலும் பழைய ஷாகோவைத்தான் அணிந்திருந்தார்கள், காத்ர் பிராவில் சதுர அணிவகுப்பில் நின்று குதிரைப்படையைத் தடுத்தவர்களும் அவர்கள். அவர்களுடைய காலரும் கைமடிப்பும் மஞ்சள். பெரியவரின் ஒரு பட்டாலியன் அப்படியே மஞ்சள்! அது ஒரு தூரிகைத் தொடலும் இல்லாமல் மேசைக்குப் போனது.

துல்லியத்துக்கு எல்லை எது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒருவர் பொத்தான் துளையைச் சுற்றிய நாடாவின் வடிவம்வரை ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் வேறுபட வேண்டும் என்றார். அவர் சொன்னது வரலாற்றுப்படி உண்மை. ஆனால் இவ்வளவு சின்ன உருவத்தில் அந்த நாடா ஒரு மயிரிழை. கடைசியில் மூன்று அடி தூரத்தில் நின்று பார்த்தால் தெரிவது சரியாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது உருவக்கோடு: தொப்பி, கோட்டின் நீளம், தோள்பட்டை. பிறகு காலர், கைமடிப்பின் நிறம்: 30-க்கு வெளிர் மஞ்சள், 33-க்குச் சிவப்பு, 69-க்குப் பச்சை, 73-க்குக் கரும்பச்சை. இந்த இரண்டிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. நாடாவும் பொத்தானும் அவரவர் பொறுமையைப் பொறுத்தது. கூடுதலாக ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: சாதாரணச் சிப்பாயின் சிவப்பும் அதிகாரியின் சிவப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது. சிப்பாயின் துணி மஞ்சிட்டிச் சாயம், செங்கல் சாயல். அதிகாரியுடையது விலையுயர்ந்த பளிச்சென்ற சிவப்பு. மூன்றடியில் இது நன்றாகவே தெரியும்.

புதிதாக வாங்க வேண்டியிருந்தது பெல்ஜிக் ஷாகோ பிரிட்டிஷாரும் பார்தன் காலப் பிரெஞ்சுக்காரர்களும். இன்றைய உருவங்கள் 28 மி.மீ. அளவு, பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள். பழைய 25 மி.மீ. சிப்பாய் பக்கத்தில் நின்றால் பள்ளிச் சிறுவன் போல் தெரிகிறான். ஒரே பட்டாலியனில் இரண்டையும் கலப்பதில்லை என்று முடிவெடுத்தோம். பெரியவரின் 28-ஆம் ரெஜிமென்ட்டுக்கு அடித்தட்டை மட்டும் 2 மி.மீ. உயர்த்தி, மேசையில் தள்ளி ஓர் ஓரமாக நிறுத்தினோம். போதுமானதாக இருந்தது.

கொடிகள்

இதற்குத் தனித் தலைப்பு தருவதற்குக் காரணம் உண்டு. சேகரிப்பாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியனுக்கு இரண்டு கொடிகள். ஒன்று யூனியன் கொடி, அரசருடையது. மற்றது ரெஜிமென்ட் கொடி. காலரின் நிறத்தில் துணி, மூலையில் சிறிய யூனியன். இந்த விதியைப் படித்துவிட்டு 33-க்கு எங்கள் இளையவர் ஒரு சிவப்புக் கொடியைத் தயாரித்துவிட்டார். காலர் சிவப்பு, எனவே கொடி சிவப்பு. தர்க்கம் சரி, விடை தவறு. காலர் சிவப்பாகவோ வெள்ளையாகவோ உள்ள ரெஜிமென்ட்டுகளுக்கு விதிவிலக்கு உண்டு: வெள்ளைத் துணியில் செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவை. விதிவிலக்கைத் தெரிந்துகொண்டதும் அவரே முகம் சுளிக்காமல் மாற்றினார். இப்போது சங்கத்தில் கொடி என்றால் அவரிடம்தான் கேட்கிறார்கள்.

அளவும் ஒரு சங்கதி. பிரிட்டிஷ் கொடி கம்பத்தோரம் 6 அடி, பறக்கும் பக்கம் 6 அடி 6 அங்குலம். 28 மி.மீ. உருவங்களுக்கு ஏற்ப 56-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் உயரம் 33 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பிடித்திருக்கும் இளம் அதிகாரியை மூடிவிடும் அளவு. பார்ப்பவர்கள் பெரிதாகிவிட்டது என்பார்கள். குறைக்கக் கூடாது, நிஜத்திலும் அப்படித்தான் இருந்தது. காற்று அடித்தால் அதைப் பிடித்து நிற்பது பெரும்பாடு. பிரெஞ்சுக்காரர்களின் 1804, 1812 மாதிரிகள் 80 செ.மீ. சதுரம் மட்டுமே, அதாவது மேசையில் 14 மி.மீ. அவர்களுக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்த கழுகுச் சிலைதான் முக்கியம், துணி இரண்டாம்பட்சம். இந்த இரண்டையும் எதிரெதிரே சரியான அளவில் வைத்தால் இரு படைகளின் மனமும் தெரிகிறது. 69-க்கு அரசரின் கொடியைக் கூடுதல் கவனத்தோடு செய்தோம். அந்த நாளில் அவர்கள் இழந்தது அதைத்தான்.

கவசமில்லாத கவசப்படை

69-இடமிருந்து கொடியைப் பறித்தது பிரெஞ்சு கனரகக் குதிரைப்படை, குவிராசியர்கள். மார்பிலும் முதுகிலும் இரும்புக் கவசம் அணிந்தவர்கள். கெல்லர்மான் அன்று கொண்டுவந்த பிரிகேடில் 8, 11 என்று இரண்டு ரெஜிமென்ட்டுகள். 8-க்கு மஞ்சள் காலர், 11-க்கு இளஞ்சிவப்பு. இதில் 11-ஆவது ரெஜிமென்ட் 1815-இல் கவசமே இல்லாமல் போருக்கு வந்தது. நெப்போலியன் எல்பாவிலிருந்து திரும்பிய சில மாதங்களுக்குள் அவசர அவசரமாகத் திரட்டிய படை. எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கவில்லை.

பெரியவரிடம் கவசத்தோடு நிறைய குவிராசியர்கள் இருந்தார்கள். இளஞ்சிவப்பு காலரும் இருந்தது. அவர்களையே 11 என்று வைத்துவிடலாம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. காரணம் அழகு மட்டும் இல்லை, ஆட்டமும்தான். எங்கள் விதிகளில் கவசம் அணிந்த குதிரைப்படைக்கு நேர் மோதலில் ஒரு புள்ளி கூடுதல். கவசமில்லாத 11-க்கு அந்தப் புள்ளி கிடையாது என்றால் தளபதி அவர்களை 8-ஐப் போலப் பயன்படுத்த முடியாது. உடுப்பு விவரம் ஒன்று நேராகப் பகடையில் வந்து உட்காருகிறது. கவசமில்லாத குதிரைவீரர்களைப் புதிதாக வாங்கி 11-ஆக்கினோம். பெரியவரின் மஞ்சள் காலர்க்காரர்கள் 8 ஆனார்கள்.

ஆட்டமும் பின்விளைவும்

காத்ர் பிராவில் அன்று ரை என்ற தானியத்தின் வயல்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. மார்பளவு, சில இடங்களில் தலையளவு. குதிரைப்படை எங்கிருந்து வருகிறது என்று காலாட்படைக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் காரணம். மேசையில் அந்த வயலைத் தேங்காய் நார் மிதியடியை வெட்டிச் செய்தோம். இங்குள்ள போர்விளையாட்டுக்காரர்கள் வெகு நாளாகச் செய்வதுதான். தடிமனான மிதியடியாகத் தேடி வாங்கினோம். மெல்லியதில் சிப்பாயின் முழங்கால் கூட மறையாது, பிறகு மறைந்து வரும் விதிக்கே அர்த்தம் இல்லை.

அன்றைய போரில் 69 சதுர அணிவகுப்பு அமைக்கத் தொடங்கியது. அவர்களுக்கு மேல் தளபதியாக இருந்த டச்சு இளவரசர், ஆரஞ்சு இளவரசர் எனப்பட்டவரின் கட்டளையால் மறுபடி வரிசைக்கு விரிந்தது. அந்த நிலையில் குவிராசியர்கள் வந்து பாய்ந்தார்கள். எங்கள் ஆட்டத்தில் பிரிட்டிஷ் பக்கம் ஆடியவர் சதுரத்தை விடவில்லை. கொடி தப்பியது. பதிலுக்குச் சதுரம் பீரங்கிக்குக் கொழுத்த இலக்காகி நிறைய ஆட்களை இழந்தது. 11-ஆவது குவிராசியர்கள் 30-இன் மேல் பாய்ந்து, ஒரு புள்ளி குறைந்ததால் தோற்றுத் திரும்பினார்கள். அந்த ஒரு புள்ளிக்காகவே அவர்களைப் புதிதாக வாங்கியது வீண்போகவில்லை.

வேறு சங்கத்திலிருந்து வந்திருந்த விருந்தினர் 11-ஐ டிராகூன்கள் (கவசம் அணியாத வேறொரு குதிரைப்படை) என்று நினைத்துத் தவறான கணக்கில் எதிர்த்தாடினார். அவர் மேல் குற்றமில்லை. கவசம் இல்லாத குவிராசியரை அவர் எங்கே பார்த்திருப்பார்? துல்லியமாக வைத்தால் மட்டும் போதவில்லை, எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி சொல்லவும் வேண்டியிருந்தது.

மகள் வந்து பார்த்தார். 28-ஆம் ரெஜிமென்ட்டையும் மஞ்சள் காலர் குவிராசியர்களையும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். புதியவற்றுக்கு மத்தியில் அப்பாவின் பளபளப்பான எனாமல் வண்ணம் தனியாகத் தெரிந்தது. அதன் மேல் மங்கல் வார்னிஷ் அடித்துச் சமன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று விட்டது நல்லதாயிற்று.

இனி மாற்றிச் செய்வது

பொடி பிடித்தவற்றை முதல் சில வாரம் மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்தோம். மற்றவற்றுக்குப் பரவாது என்ற எண்ணம். ஆனால் உலோகத்தில் ஏற்கெனவே தங்கிய அமிலம் உள்ளேயே சுழன்று அரிப்பைத் தொடர்ந்தது. அடுத்த முறை காற்றோட்டமான உலோகத் தட்டில்தான் வைப்போம், வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத அறையில்.

எந்த உருவத்தையும் தொடுவதற்கு முன் இழுப்பறை வாரியாகப் படம் எடுத்திருக்க வேண்டும். பெரியவர் எதை எதோடு சேர்த்து அடுக்கினார் என்பதில் அவருடைய திட்டம் இருந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அது தெரிந்திருந்தால் எந்த ரெஜிமென்ட்டாக அவர் அவர்களை எண்ணினார் என்றும் தெரிந்திருக்கலாம்.

புதிய வார்ப்புகளை மொத்தமாக வாங்குமுன் ஒரு சிப்பாயை மட்டும் வரவழைத்து, பழையவன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது இனி கட்டாயம். எழுத்தில் 28 என்று போட்டிருந்தாலும் ஒருவர் வார்ப்புக்கும் இன்னொருவர் வார்ப்புக்கும் தோள் அகலம், துப்பாக்கித் தடிமன் எல்லாம் வேறு. படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பட்டாலியனின் அடித்தட்டுக்குக் கீழேயும் இப்போது ஒரு சீட்டு ஒட்டுகிறோம்: ரெஜிமென்ட் எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பொருந்தும், காலர் நிறம், பூசிய வண்ணத்தின் பெயர், ஆட்டத்தில் ஏதாவது விசேஷ விதி இருந்தால் அதுவும். 11-இன் சீட்டில் "கவசம் இல்லை, கூடுதல் புள்ளி இல்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, அதை மேசைக்கு வரும்போது எதிராளிக்குக் காட்டிவிடுகிறோம்.

1809-க்கு ஒதுக்கிய பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த வேலை. ஃப்யூசிலியர் எனப்படும் சாதாரணக் காலாட்படைக் கம்பெனிகள் நான்குக்கும் ஷாகோவில் பந்துக் குஞ்சத்தின் நிறம் வேறு வேறு: பச்சை, வானநீலம், ஆரஞ்சு, ஊதா. பெரியவர் எல்லாவற்றையும் அப்படியே தீட்டி வைத்திருக்கிறார். கம்பெனி வாரியாகப் பிரித்து அடித்தட்டில் ஒட்டினால் போதும்.